ஜின்: முதல்ல தண்ணி, அப்புறம் டானிக். சென்னை வெயிலில் ருசி பார்ப்பது எப்படி?

கச்சேரிரோடு எழுதியது:

இந்தப் பகுதியில் ஜின் பற்றி வரும் இழைகளில் எல்லாம் "எந்த பிராண்டு, என்ன விலை, எந்த டானிக் (ஜின்னில் கலக்கும் கசப்புச் சோடா)" என்றே பேச்சு போகிறது. பாட்டிலுக்குள் என்ன வாசம் இருக்கிறது என்று எழுதுபவர்கள் மிகக் குறைவு. அதைப் பேசத்தான் இந்த இழை.

என் கட்சி இது. புதிதாக எந்த ஜின் கைக்கு வந்தாலும், முதல் முப்பது மில்லியை டானிக், ஐஸ், எலுமிச்சை எதுவும் இல்லாமல், குளிர்ந்த தண்ணீர் மட்டும் கலந்து முகர்ந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எதில் வேண்டுமானாலும் கலக்கலாம். இதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். ரசப்பொடி வறுக்கும் வீட்டில் வளர்ந்த மூக்குக்கு இந்த வாசங்களில் பாதி ஏற்கெனவே தெரியும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், ஜின் என்பது வாசமே இல்லாத சாராயத்தில் காய், விதை, வேர், தோல், பட்டை இவற்றின் வாசத்தை ஏற்றிய பானம். தலைமை ஜூனிப்பர் என்ற ஊசியிலைச் செடியின் காய்க்கு. மற்றவை பின்னால் வரும். டாங்கரே ஜின்னில் இருப்பவை நான்கே நான்கு: ஜூனிப்பர், கொத்தமல்லி விதை, ஏஞ்செலிகா வேர், அதிமதுரம். பாம்பே சஃபையரில் பத்து. அதில் கொத்தமல்லி விதை, எலுமிச்சைத் தோல், பாதாம், அதிமதுரம், இலவங்கப்பட்டைக்கு உறவான காசியா பட்டை எல்லாம் உண்டு. நம்ம வால்மிளகும் உண்டு. இருமலுக்குப் பாட்டி வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லும் அதே வால்மிளகு.

ஆகவே பாட்டில் வாங்கும் முன் நாட்டு மருந்துக் கடைக்குப் போங்கள். மயிலாப்பூர்க்காரர்களுக்குக் கச்சேரி ரோடு இருக்கிறது, வடக்கே இருப்பவர்களுக்குப் பூங்கா நகர் ராசப்ப செட்டி தெரு. வால்மிளகு, அதிமதுரம், வெட்டிவேர், ஏலக்காய், ஜாதிபத்திரி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கட்டிக்கொடுப்பார்கள். தனியா வீட்டிலேயே இருக்கும். ஒவ்வொன்றையும் சின்னக் கிண்ணத்தில் போட்டுக் கிளாஸ் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தனியாவை நகத்தால் உடைத்து உடனே முகர்ந்து பாருங்கள். சாம்பார் வாசம் வராது. வறுத்தால்தான் அது வரும். பச்சையாக உடைத்த தனியாவில் ஆரஞ்சுத் தோல் வாசமும் கொஞ்சம் பூ வாசமும் இருக்கும். பல ஜின்களில் "எலுமிச்சை போட்டிருக்காங்க போல" என்று தோன்றும் இடத்தில் பெரும்பாலும் நிற்பது இந்தத் தனியாதான். கையில் உடைத்ததையும் கிளாஸையும் மாற்றி மாற்றி முகர்ந்தால் தானே பிடிபடும்.

சென்னைக்கென்று ஒரு விஷயம். "அறை வெப்பநிலையில் ருசிக்கவும்" என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவது இருபது டிகிரியை. நம்ம ஹாலில் மே மாதம் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று இருக்கும். அந்தச் சூட்டில் ஊற்றினால் சாராய ஆவிதான் முதலில் மூக்கில் ஏறும், மற்ற வாசம் எல்லாம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். பாட்டிலைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து எடுங்கள். ஃப்ரீசர் வேண்டாம். அங்கே வைத்தால் வாசமே எழும்பாது.

வாய் குறுகிய சின்ன கிளாஸ் நல்லது. முப்பது மில்லி ஜின், அதே அளவு குளிர்ந்த கேன் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் இருந்தால் எல்லாம் போச்சு. மூக்கை உள்ளே விடாமல் விளிம்புக்கு மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி மெதுவாக இழுங்கள். பிறகு ஒரு சிறு மடக்கு. நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். முதலில் பழத்தோல் வாசங்கள், நடுவில் ஜூனிப்பரும் தனியாவும், கடைசியில் வேர்கள். இந்த வரிசை பெரும்பாலான ஜின்னில் கேட்கும்.

உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். மாற்றுக் கருத்தும் வரட்டும்.

---

தரமணி_நைட்ஷிஃப்ட் எழுதியது:

ப்ரோ, அருமையான இழை. ஆனா எனக்கு அடிப்படையிலேயே ஒரு பிரச்சனை. ஜின்னை மூக்குக்கிட்ட கொண்டு போனாலே ஆஸ்பத்திரி வராண்டா தொடைக்கிற வெள்ளை ஃபினாயில் மாதிரிதான் அடிக்குது. டானிக் ஊத்தினா ஓரளவு சமாளிக்கலாம். தண்ணி மட்டும் ஊத்தினா அந்த வாசம் இன்னும் தூக்கலா வராதா?

இன்னொண்ணு, லண்டன் ட்ரைனு போட்டிருக்கே, அது லண்டன்ல செஞ்சாதானா?

---

ஆவியும்_துளியும் எழுதியது:

தரமணி, உங்க மூக்கு சரியாத்தான் வேலை செய்யுது. நான் மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுல இருக்கேன், வாசனைப் பொருள்களோட தினமும் மல்லுக்கட்டுற வேலை. வெள்ளை ஃபினாயில் பைன் எண்ணெயில செய்யறது. ஜூனிப்பரும் பைன் மரமும் ஊசியிலை வகை. ரெண்டுலயும் பைனீன் என்கிற பொருள் இருக்கு. ரோஸ்மேரியிலயும் இருக்கு. உங்க மூளை அந்தப் பொருளை முதல்ல ஆஸ்பத்திரியில சந்திச்சிருக்கு, அதான் அங்கயே போய் நிக்குது.

இதுக்கு ஒரு வழி உண்டு. ரோஸ்மேரி ஒரு கொத்து வாங்கி இலையை உருவிக் கசக்கி நல்லா முகருங்க. அடுத்து ஜின்னை முகருங்க. பைனீனுக்கு மூளையில இன்னொரு முகவரி கிடைச்சிடும். ஊட்டி பைன் காட்டுக்குள்ள நடந்தவங்களுக்கு ஜின் சீக்கிரம் பிடிச்சுப்போறதைப் பாத்திருக்கேன்.

லண்டன் ட்ரை ஊர்ப் பேர் இல்லை, செய்முறைப் பேர். வாசம் மொத்தமும் இயற்கைப் பொருள்களை வெச்சு வடிக்கும்போதே ஏறணும். வடிச்ச பிறகு எசென்ஸ், நிறம் எதையும் சேர்க்கக் கூடாது. ஐரோப்பிய விதிப்படி சர்க்கரை லிட்டருக்கு 0.1 கிராமுக்கு மேல போகக் கூடாது. இந்த முறைப்படி எங்க வேணா செய்யலாம். கோவாவுல வடிக்கிற கிரேட்டர் தேன் பாட்டிலைப் பாருங்க, லண்டன் ட்ரைனுதான் போட்டிருக்கும்.

---

மேற்குமாம்பலம் எழுதியது:

நல்ல விளக்கம். டாங்கரேயில் எனக்குக் கடைசியில் ஒரு மெல்லிய இனிப்பு தங்குகிறது. அதிமதுரம் போடுகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து அந்த இனிப்பு அதனுடையதுதான் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். சர்க்கரை சேர்க்காமலே இனிப்பு வருகிறதே, எப்படி?

---

ஆவியும்_துளியும் எழுதியது:

சார், நீங்க கேட்ட கேள்விதான் ஜின்னோட உயிர்நாடி. கொஞ்சம் விரிவாச் சொல்றேன்.

அதிமதுரத்தோட இனிப்புக்குக் காரணம் கிளிசிரைசின். அது ஆவியாகிற பொருள் கிடையாது. எவ்வளவு அதிமதுரம் போட்டாலும் அந்த இனிப்பு பானையிலயே தங்கிடும், குழாய் வழியா ஏறி மறுபக்கம் சொட்டாது. வர்றது அதோட மண் கலந்த வேர் வாசம் மட்டும்.

வடிக்கிறதுன்னா அதுதான். பறக்கிறது மட்டும் பாட்டிலுக்கு வரும். மிளகு போட்ட ஜின் இருக்கு, குடிச்சா மிளகுக் காரம் நாக்குல ஏறாது. காரத்துக்குக் காரணமான பிப்பரின் பறக்காது, மிளகு வாசம் மட்டும் பறக்கும். ஹபூசா ஜின்ல மஞ்சள் போடறாங்க. ஆனா ஜின் தண்ணி மாதிரி தெளிவா இருக்கும். மஞ்சளோட நிறம் பானையைத் தாண்டாது. புளிப்பும் அப்படித்தான். எலுமிச்சைத் தோல் போட்டாலும் ஜின்ல புளிப்பு இருக்காது.

அப்போ இனிப்பு எங்கிருந்து வருது? சோம்பு, அன்னாசிப்பூ போட்ட ஜின்னா இருந்தா அனத்தோல்னு ஒரு பொருள் ஆவியோட வந்துடும். அது நாக்குலயும் இனிக்கும். டாங்கரேயில அது கிடையாது. அங்க உங்களுக்கு இனிக்கிறதுக்குக் காரணம், சாராயத்துக்கே கொஞ்சம் இனிப்பு இருக்கு, கூடவே இனிப்புப் பண்டங்களோட பழகின வாசம் வந்தா மூளை இனிப்புனு முடிவு கட்டிடும். ஏலக்காயை முகர்ந்தா பாயசம் ஞாபகம் வந்து நாக்குல இனிக்கிற மாதிரி இருக்கே, அதே கணக்கு.

மூக்கை லேசாப் பிடிச்சுக்கிட்டு ஒரு மடக்கு குடிச்சுப் பாருங்க. அந்த இனிப்பு பெரும்பாலும் காணாமப் போகும். மூக்கை விட்டதும் திரும்பி வரும்.

---

மேற்குமாம்பலம் எழுதியது:

இப்போதே செய்து பார்த்தேன். மூக்கைப் பிடித்தபோது வெறும் எரிச்சலும் லேசான கசப்பும்தான். விட்டதும் மொத்தமும் வந்து சேர்ந்தது. மிக்க நன்றி.

பதிலுக்கு என்னிடமிருந்து ஒரு தகவல். நம் ஊர் பாட்டில்களில் 42.8% என்றும், பக்கத்தில் 25 யூ.பி. (அண்டர் ப்ரூஃப்) என்றும் போட்டிருப்பார்கள். பழைய பிரிட்டிஷ் அளவுமுறையில் நூறு ப்ரூஃப் என்பது சுமார் 57.1% சாராயம். அதிலிருந்து இருபத்தைந்து பாகம் குறைத்தால் 42.8. நேவி ஸ்ட்ரென்த் என்று விற்கும் கனமான ஜின்களின் 57 சொச்சமும் அந்தப் பழைய கணக்கிலிருந்து வந்ததே. ஐரோப்பாவில் ஜின் என்று விற்கக் குறைந்தது 37.5% இருந்தால் போதும், அமெரிக்காவில் 40%. ஆக இந்திய ஜின் சற்றுக் கனமானது. அதையும் கணக்கில் வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள்.

---

பார்கவுன்ட்டர் எழுதியது:

எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா கச்சேரிரோடு அண்ணன் கட்சியோட நான் பாதிதான் ஒத்துப்போவேன்.

நான் தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு ஹோட்டல் பார்ல ரொம்ப நாள் நின்னவன். தண்ணியில முகர்ந்து பாக்கிறது சரி, வடிக்கிற இடத்துல இருக்கிறவங்களும் தண்ணி கலந்துதான் முகர்றாங்க. ஆனா அது ஆடை அளவெடுக்கிற வேலை மட்டும்தான். உடுத்தினாதானே தெரியும்? ஜின்னை வடிக்கிறவன் அதை எதோட கலந்து குடிப்பாங்கன்னு யோசிச்சுதான் வடிக்கிறான். தண்ணியில ரொம்ப முரட்டுத்தனமா, ஜூனிப்பர் ஓங்கி அடிக்கிற ஜின்தான் டானிக்ல கம்பீரமா நிக்கும். தண்ணியில பூ மாதிரி மென்மையா இருந்த எத்தனையோ ஜின் டானிக் பட்டதும் இருந்த இடம் தெரியாமப் போயிருக்கு. தண்ணியை மட்டும் நம்பி மார்க் போட்டா தப்பான பாட்டிலுக்கு முதல் பரிசு போயிடும்.

அதனால என் முறை மூணு கிளாஸ். ஒண்ணுல தண்ணி, ஒண்ணுல வெறும் சோடா, ஒண்ணுல டானிக். மூணுலயும் பதினஞ்சு பதினஞ்சு மில்லி ஜின். சோடா கிளாஸை யாரும் மதிக்கிறதில்லை, ஆனா அதுலதான் குமிழோட வாசம் மேல எழும்பி வரும், சர்க்கரையும் கசப்பும் குறுக்க நிக்காது.

டானிக்ல கவனிக்க வேண்டியது அளவு. நம்ம ஊர்ல ஒரு ஸ்மாலுக்கு முழு கேனைக் கவுத்துடறாங்க. அப்புறம் ஜின் எங்க தெரியும்? ஒரு பங்கு ஜின்னுக்கு ரெண்டு பங்கு டானிக்ல ஆரம்பிங்க. ஏறினா மூணு. அதுக்கு மேல வேண்டாம். டானிக் ஐஸ் மாதிரி குளிர்ந்திருக்கணும். சூடான டானிக்கை ஊத்தினா கேஸ் மொத்தமும் அந்த நிமிஷமே ஓடிடும்.

ஐஸ் கிளாஸ் நிறைய வேணும். ஐஸைக் குறைச்சா தண்ணி குறைவா சேரும்னு நினைக்கிறாங்க. நடக்கிறது நேர் எதிர். ரெண்டு கட்டி போட்டா கிளாஸும் டானிக்கும் சேர்ந்து அந்த ரெண்டையும் கரைச்சிடும். நிறையப் போட்டா ஒண்ணை ஒண்ணு குளிரா வெச்சுக்கிட்டு மெதுவாத்தான் உருகும். அந்த ஐஸ் எங்க உறைஞ்சதுன்னும் பாருங்க. ஃப்ரிட்ஜ்ல மல்லிப்பூ சரமும் தோசை மாவும் வெச்ச வீட்டுல ஐஸ்ல ரெண்டும் ஏறியிருக்கும். மூடி போட்ட ட்ரேயில உறைய வெச்சு, எடுத்ததும் ஒரு தடவை தண்ணியில அலசிட்டுப் போடுங்க.

எலுமிச்சையைப் பிழியாதீங்க. பிழிஞ்சா புளிப்புதான் முன்னால வரும். வேண்டியது தோல்ல இருக்கிற எண்ணெய். நம்ம எலுமிச்சைக்குத் தோல் மெல்லிசு, சீவ வராது. நார்த்தங்காய்த் தோலை விரல் அகலத்துக்குச் சீவி கிளாஸுக்கு மேல மடக்கிப் பிழிங்க, எண்ணெய் பொடித்துளியா மேல படியிறது வெளிச்சத்துல கண்ணுக்கே தெரியும். அதுவும் இல்லையா, நீர்மோர்ல போடற எலுமிச்சை இலை ஒண்ணை உள்ளங்கையில தட்டிப் போடுங்க.

---

கச்சேரிரோடு எழுதியது:

பார்கவுன்ட்டர், சோடா கிளாஸ் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் வரிசையில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டானிக்கைக் குடித்த நாக்கில் கசப்பும் இனிப்பும் தங்கிவிடும், அதன் பிறகு தண்ணீர் கிளாஸில் எதுவும் கேட்காது. தண்ணீர், சோடா, டானிக் என்றே போக வேண்டும். முரட்டு ஜின் டானிக்கில் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அது ஏன் நிற்கிறது என்பதைத் தண்ணீர் கிளாஸ்தான் சொல்லும்.

---

பார்கவுன்ட்டர் எழுதியது:

வரிசைக்கு ஒத்துக்கிறேன் அண்ணே. தீர்ப்பு மட்டும் மூணாவது கிளாஸ்ல.

---

குன்னூர்க்காரி எழுதியது:

வேளச்சேரியில் இருந்தாலும் மனசு மலையில்தான். டானிக் பற்றிப் பேச்சு வந்ததால் இதை எழுதுகிறேன்.

டானிக்கின் கசப்பு குவினைன். அது சின்கோனா மரப்பட்டையிலிருந்து வருவது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வளர்ந்த அந்த மரம் 1860 வாக்கில் கிளெமென்ட்ஸ் மார்க்கம் முயற்சியால் விதையாகவும் நாற்றாகவும் நீலகிரிக்கு வந்தது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசாங்கத் தோட்டம் போட்டார்கள். நடுவட்டத்தில் குவினைன் ஆலையே நடந்தது. சீனக் கைதிகளைக் கொண்டுவந்து அந்தத் தோட்டங்களில் வேலை வாங்கினார்கள், அவர்களை அடைத்துவைத்த சிறைக் கட்டிடம் இன்றும் நடுவட்டத்தில் இருக்கிறது. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழிதான். வால்பாறைப் பக்கம் சின்கோனா என்ற பெயரிலேயே ஊர் உண்டு.

பிறகு டச்சுக்காரர்கள் ஜாவாவில் குவினைன் அதிகமுள்ள லெட்ஜேரியானா வகையைப் பயிரிட்டார்கள். சந்தை அங்கே போய்விட்டது, நம் மலைகளில் தேயிலை நிறைந்தது.

"மலேரியாவுக்குப் பயந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கசப்பு மருந்தில் ஜின் கலந்தார்கள், அப்படித்தான் ஜின் அண்ட் டானிக் பிறந்தது" என்று எல்லாரும் சொல்வார்கள். மருந்தையும் இந்தப் பானத்தையும் முழுக்க ஒன்றாக்கிவிட முடியாது. காஸ் ஏற்றிய குவினைன் டானிக்குக்கு எராஸ்மஸ் பாண்ட் என்பவர் 1858-ல் லண்டனில் காப்புரிமை வாங்கினார். 1868-ல் இந்தியாவில் வெளிவந்த ஒரு ஆங்கில விளையாட்டு இதழில், குதிரைப் பந்தயம் முடிந்து ஜின் அண்ட் டானிக் கேட்கிறவர்களைப் பற்றி வருகிறது. அங்கே அது மருந்தாக வரவில்லை, வெயிலில் குடிக்கும் குளிர்பானமாக வருகிறது. அந்த வெயிலை நாம் நன்றாக அறிவோம்.

---

தரமணி_நைட்ஷிஃப்ட் எழுதியது:

செம தகவல் அக்கா. அப்போ டானிக் குடிச்சா மலேரியா வராதா? எங்க ஏரியாவுல கொசு அப்படி.

---

ஆவியும்_துளியும் எழுதியது:

வராதுன்னு தயவுசெஞ்சு நம்பிடாதீங்க. அமெரிக்காவுல டானிக்ல அனுமதிச்ச உச்ச அளவு லிட்டருக்கு 83 மில்லிகிராம் பக்கம். மலேரியாவுக்குக் குவினைன் கொடுத்தா பெரியவங்களுக்கு ஒரு வேளைக்கே அறுநூறு மில்லிகிராம் அளவுல, அதுவும் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒரு வேளை மருந்துக்கு ஏழு லிட்டருக்கு மேல டானிக் குடிக்கணும். கொசுவலையைக் கட்டுங்க.

குவினைன் ஒத்துக்காதவங்களும் இருக்காங்க. இதயத் துடிப்புக்கு மாத்திரை சாப்பிடறவங்க, கர்ப்பிணிகள், குவினைன் முன்னாடி ஒத்துக்காமப் போனவங்க டானிக்கையே தொட வேண்டாம், ஜின் இல்லாம வெறும் டானிக் குடிச்சாலும் இதே எச்சரிக்கைதான்.

பார்ல புற ஊதா விளக்கு இருந்தா டானிக் கிளாஸ் நீலமா ஒளிர்றதைப் பாத்திருப்பீங்க. அது குவினைன் செய்யற வேலை.

---

மேற்குமாம்பலம் எழுதியது:

சர்க்கரை நோயாளி என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். டானிக்கைச் சோடா என்று நினைத்துப் பலர் குடிக்கிறார்கள். கசப்பை மறைக்க அதில் சர்க்கரை நிறையவே இருக்கிறது, பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். நான் பாதி டானிக், பாதி வெறும் சோடா. ஜின் வாசம் இப்படித்தான் எனக்கு நன்றாகத் திறக்கிறது, சர்க்கரைக்காகச் செய்ததுதான் என்றாலும் இப்போது ருசிக்காகவே தொடர்கிறேன். அறுபது மில்லி ஒரு லார்ஜில் சுத்தச் சாராயம் மட்டும் சுமார் இருபது கிராம். மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

---

எலியட்ஸ்_மணல் எழுதியது:

நான் பெசன்ட் நகர். உங்க எல்லாரோட பதிவையும் ரசிச்சுப் படிச்சேன். டானிக்கைத் தவிர நம்ம ஊர்ல வேற எதுவுமே இல்லாத மாதிரி பேசறீங்களே, அதுக்குத்தான் வந்தேன்.

முதல்ல இளநீர். கரீபியன் தீவுகள்ல ஜின்னும் இளநீரும் பழைய ஜோடி. இங்க இளநீர் தெருமுனையில கிடைக்குது, ஆனா யாரும் சேர்க்கிறதில்லை. வழுக்கை முத்தாத, கொஞ்சம் உப்புச் சாயல் உள்ள இளநீரா கேட்டு வாங்குங்க. ரொம்ப இனிப்பா இருந்தா ஜின் அமுங்கிடும். ஒண்ணுக்கு மூணு, மேல நார்த்தை இலை. வெட்டின அரைமணிக்குள்ள குடிச்சிடணும், வெச்சிருந்தா இளநீர் வாசம் மாறிடும். ஜூனிப்பர் தூக்கலா இருக்கிற ஜின்னுக்கு இது நல்லா பொருந்தும்.

பன்னீர் சோடா. வெள்ளரிக்காயும் ரோஜாவும் சேர்த்த ஹெண்ட்ரிக்ஸ் ஜின் 1999-ல வந்து உலகமே கொண்டாடுச்சு. நம்ம பன்னீர் சோடாவுல ரோஜா ஏற்கெனவே இருக்கு. ஆனா இனிப்பு அதிகம். அதனால கால் பங்கு பன்னீர் சோடா, மீதி வெறும் சோடா, ஓரத்துல தோலோட சீவின வெள்ளரி. எங்க வீட்டுக்கு வர்றவங்க திரும்பத் திரும்பக் கேக்கிறது இதைத்தான்.

நன்னாரி சர்பத்துல பார்த்துப் போங்க. நன்னாரி வாசம் கனமானது, ஒரு கிளாஸுக்கு ஒரு டீஸ்பூன் தாண்டினா வேற எதுவும் கேக்காது. அளவா ஊத்தினா ஏஞ்செலிகா வேர் வாசத்தோட நல்லா சேரும். வெட்டிவேர் போட்ட ஜெய்சல்மேர் ஜின்னோட இதைப் போட்டப்போ ரெண்டு வேரும் தனித்தனியா எனக்குக் கேட்டுச்சு, அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

மாடித்தோட்டத்துல சங்குப்பூ இருக்கிறவங்க பூவைக் கொதிதண்ணியில ஊறவெச்சு வடிகட்டி ஐஸா உறைய வைக்கலாம். நீல ஐஸ் உருகி, மேல எலுமிச்சை பட்டதும் கிளாஸ் ஊதாவா மாறும். புளிப்பு பட்டா அந்தப் பூவோட நிறமிக்கு நிறம் மாறும், அவ்வளவுதான். ருசி எதுவும் கூடாது. கண்ணுக்கு அழகு, விருந்துக்கு ஆகும்.

"லேடீஸ் ட்ரிங்க்"னு ஜின்னை ஒதுக்கிற பேச்சு ஆபீஸ்லயும் கல்யாண வீட்டு மொட்டைமாடியிலயும் இன்னும் கேக்குது. வெள்ளையா இருக்கு, எலுமிச்சை போடறாங்கங்கிறதைத் தவிர அதுக்கு வேற காரணம் எனக்குத் தெரியலை. மேல சொன்ன 57% ஜின்னை அவங்க ஒரு மடக்கு தண்ணி கலக்காமக் குடிச்சுப் பார்க்கட்டும்.

---

தரமணி_நைட்ஷிஃப்ட் எழுதியது:

அக்கா பன்னீர் சோடா ஐடியா 🙏

ஒரு சந்தேகம். ஜூனிப்பர் காயை ஆன்லைன்ல வாங்கி, தனியா வால்மிளகு எல்லாம் போட்டு வீட்லயே குக்கர்ல வடிச்சா என்ன?

---

நெறியாளர் எழுதியது:

வீட்டில் வடிப்பது குற்றம். அது பற்றிய குறிப்புகள் இங்கே வேண்டாம். வெளி மாநிலப் பாட்டில்களைக் கொண்டுவருவது பற்றிய கேள்விகளையும் தவிர்க்கவும். இந்தப் பகுதி 21 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும்.

---

ஆவியும்_துளியும் எழுதியது:

நெறியாளர் சொன்னதோட பாதுகாப்பையும் சேர்த்துக்கோங்க தரமணி. சாராய ஆவியும் அடுப்பு நெருப்பும் ஒரே சமையலறையில இருந்தா வீடு எரியும். அந்த எண்ணத்தை விட்டுடுங்க.

கடையில வாங்கின வோட்காவுல மசாலாவை ஊறப்போடறது வேற விஷயம், அதுல வடிக்கிற வேலை இல்லை. ஆனா நான் முன்னாடி சொன்னது அங்க தலைகீழாகும். ஊறினா பறக்காததும் இறங்கும். அதிமதுரம் இனிக்கும், மிளகு காரும், நிறம் தேன் மாதிரி வரும். ஒரு பாட்டில் ஜின்னையும் ஊறப்போட்டதையும் பக்கத்துல வெச்சுக் குடிச்சா வடிக்கிறது என்ன செய்யுதுன்னு ஒரே மடக்குல புரிஞ்சிடும். அதிமதுரம் ஒரு சின்னக் குச்சி, சில மணி நேரம் போதும். ராத்திரி முழுக்க விட்டா கஷாயம்.

---

குன்னூர்க்காரி எழுதியது:

டாங்கரேயைத் தண்ணீரில் பார்த்தேன், கச்சேரிரோடு சொன்ன வரிசை தெளிவாக வந்தது. அடுத்து ஹபூசா. இரண்டுக்கும் ஜூனிப்பரே வேறு. ஹபூசாவுக்கு இமயமலை ஜூனிப்பர், மழை நின்ற காட்டு மண் வாசம் முதலிலேயே எழுகிறது. பின்னால் இஞ்சி, ஏலக்காய். தண்ணீர் ஊற்றியதும் லேசாகக் கலங்கல் தட்டிய மாதிரி இருந்தது. கெட்டுப்போனதா?

---

ஆவியும்_துளியும் எழுதியது:

கெடலை மேடம். வாசனை எண்ணெய் சாராயத்துல கரையும், தண்ணியில கரையாது. தண்ணி சேர்ந்து சாராயத்தோட அளவு குறைஞ்சதும் எண்ணெய் பொடித்துளியாப் பிரிஞ்சு வெளிச்சத்தைச் சிதறடிக்கும். அந்த மங்கல் எண்ணெய் தாராளமா இருக்கிறதுக்கு அடையாளம். தயங்காமக் குடிங்க.

---

பார்கவுன்ட்டர் எழுதியது:

குன்னூர் மேடம், ஹபூசாவை டானிக்ல போடறதைவிடப் பெரிய ஐஸ் கட்டி ஒண்ணு போட்டு அப்படியே மெதுவாக் குடிச்சுப் பாருங்க. இல்லேன்னா வெர்மூத் கலந்து மார்ட்டினி. அந்த மண் வாசத்துக்கு இனிப்பு ஒத்துவராது. பாட்டிலுக்குப் பாட்டில் வழி மாறும்னு நான் சொன்னது இதைத்தான்.

---

மேற்குமாம்பலம் எழுதியது:

திறந்த பாட்டில் எவ்வளவு நாள் தாங்கும்? நான் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் எடுப்பேன்.

---

பார்கவுன்ட்டர் எழுதியது:

ஜின் கெட்டுப்போகாது சார், ஆனா வாசம் குறையும். முதல்ல போறது எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் வாசம். பாட்டில் பாதிக்குக் கீழ இறங்கினா உள்ள காத்து அதிகம், அப்போ சின்னக் கண்ணாடி பாட்டிலுக்கு மாத்தி இறுக்கி மூடிடுங்க. பிளாஸ்டிக் வேண்டாம். அடுப்புக்கு மேல் ஷெல்ஃப், வெயில் படற ஜன்னல், லாஃப்ட் மூணும் கூடாது. மொட்டைமாடிக்குக் கீழ இருக்கிற வீட்டு லாஃப்ட் சித்திரையில அடுப்பா கொதிக்கும். படுக்கையறை அலமாரியில கீழ்த்தட்டு போதும். மார்ட்டினிக்கு வெர்மூத் வாங்கினீங்கன்னா அதைத் திறந்ததும் ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க, அது ஒயின் வகை, வெளிய வெச்சா ருசி போயிடும்.